கருப்பை அறுவைக்குப் பின் வரும் வலியும் மரப்பு மருந்தும்

கிராம மக்களின் உடல் நலம் பற்றிப் பேசும்பொழுது குடிநீர், கழிப்பிடம், தடுப்பூசி, கொசு ஒழிப்பு ஆகியவற்றைப் பற்றி நாம் தயக்கமின்றிப் பேசுகிறோம். பெண்களின் கருப்பை நோய் பற்றிய பேச்சு வந்தாலோ, கூட்டத்தில் உள்ள ஆண்கள் தலை குனிகின்றனர். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கொள்கின்றனர். பேசாமல் விட்ட ஒரு செய்தியினால் ஒரு குடும்பம் அடைந்த துன்பத்தை நேரிற் கண்ட பின், இதனை வெளிப்படையாக எழுதுவதே நமது கடமை என உணர்ந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன், நமது ஒன்றியத்தைச் சேர்ந்த ஒரு கிராமத்திற்கு ஏரி வரத்து வாய்க்கால் தூர் வாரும் வேலையைப் பார்வையிடச் சென்றிருந்தோம். அவ்வூர்ப் பஞ்சாயத்து உறுப்பினர் ஒருவர் வேலையிடத்திற்கு வரவில்லை. விசாரித்ததில், அவருடைய மனைவிக்கு உடல் நலமில்லை என்று கூறினர். கிராம சுகாதார செவிலியரையும் உடன் அழைத்துக் கொண்டு அவர் இல்லத்திற்குச் சென்றோம். அவ்வம்மையாருக்கு வயது 43. கருப்பையில் கட்டியும், அதனால் நெடுநாட் பெரும்பாடும் இருந்தமையால், வயிற்றைத் திறந்து கருப்பையை அகற்றியிருந்தனர். அறுவை நடந்து ஐந்து நாட்களே ஆகியிருந்தன. அவர் மல்லாந்து அசையாமல் படுத்திருந்தார். மூச்சு மேல்மூச்சாக இருந்தது. இருமல் வந்தால் வயிற்றை இரு கைகளாலும் அழுத்திக் கொண்டு இருமலை அடக்கிக் கொண்டார். உடல் கொதித்தது.

“மூன்று பிள்ளை பெற்றவளுக்கு இந்த வலி எம்மாத்திரம், ஐயா? பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்” என்றார் அவருடைய மாமியார். செவிலியர் அவர் சொல்லி முடிக்கும் முன்னரே 108 ஊர்திக்குச் சொல்லிவிட்டார். அம்மையாருக்கு நுரையீரலின் அடிப்பாகத்தில் சளி தங்கி, நிமோனியாக் காய்ச்சல் கண்டிருந்தது. மீண்டும் ஒன்பது நாட்கள் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது. கணவர் மருத்துவமனைக்கும் வீட்டிற்குமாக அலைந்ததில், விளைந்து நின்ற நிலக்கடலையை உரிய பருவத்தில் பறிக்க இயலவில்லை. மழையும் பிடித்துக்கொள்ள, காயில் ஒரு பகுதி மண்ணிலேயே முளைத்துவிட்டது.

அம்மையார் குணமடைந்த பின், “வலியை ஏன் செவிலியரிடம் சொல்லவில்லை?” என்று கேட்டோம். “வாய் திறந்து சொல்ல வெட்கமாக இருந்தது, ஐயா. எல்லாரும் பொறுத்துக்கொள்கிறார்கள் என்று நினைத்தேன்” என்றார். கொடுத்த வலி மாத்திரைகளை, உடம்புக்குச் சூடு என்று அஞ்சி, உண்ணாமல் முந்தானையில் முடிந்து வைத்திருந்தாராம். மருத்துவமனையிலும் அவரை வலி பற்றி யாரும் துருவிக் கேட்டதாகத் தெரியவில்லை. அவர் அறுவைக்குச் செல்லும் முன் கணவர் நம்மிடம் வந்து சொல்லிக்கொண்டுதான் சென்றார். நாமும் ஒன்றும் கேட்கவில்லை. “நல்லபடியாக முடியும்” என்று சொல்லி அனுப்பினோம்.

நாம் மருத்துவர் அல்லோம். எனினும் அதன் பின் இது குறித்துப் படித்தும், அரசு மருத்துவர்களைக் கேட்டும் அறிந்தவற்றைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் பயன் கொள்ளுமாறு இங்கே தொகுத்துத் தருகிறோம்.

வலியைப் பொறுப்பதால் விளையும் கேடு

வலியைப் பொறுத்துக் கொள்வது மன உறுதியின் அடையாளம் என்பது நம் நாட்டுப் பெண்களிடம் ஊறிப்போன எண்ணம். அறுவைக்குப் பின் அது தீமையாகவே முடிகிறது. காரணம் வருமாறு:

முதலாவதாக, வயிற்றுப் புண் வலித்தால் நோயாளி ஆழ்ந்து மூச்சு விட அஞ்சுகிறார், இருமவும் அஞ்சுகிறார். நுரையீரலின் அடிப்பாகம் விரியாமல் சளி தங்கி, அதிற் கிருமிகள் பெருகுகின்றன. இரண்டாவதாக, எழுந்து நடக்க அஞ்சிப் படுத்தே கிடப்பதால் காலின் ஆழ்ந்த சிரைகளில் இரத்தம் தேங்கி உறையக்கூடும். அவ்வுறைவு பெயர்ந்து நுரையீரலுக்குச் சென்றால் உயிருக்கே ஆபத்து. மூன்றாவதாக, நடமாட்டம் இல்லாத உடலிற் குடல் சோம்புகிறது, வயிறு உப்புகிறது, உணவு செல்வதில்லை, உணவு செல்லாவிடில் புண் ஆறுவதும் தாமதப்படுகிறது.

ஆகவே வலி தணிப்பது நோயாளிக்குச் செய்யும் சலுகையன்று. அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதியே ஆகும். வலி தணிந்தால் மூச்சு ஆழமாகும், நடை வரும், நடை வந்தால் பசி வரும். இவற்றையே இக்கால அறுவை மருத்துவம் குறிக்கோளாகக் கொண்டுள்ளது.

அறுவை தேவையா என்பதே முதற் கேள்வி

வலி தணிப்பதைப் பற்றிப் பேசுமுன், வலியைத் தரும் அந்த அறுவையே தேவைதானா என்று கேட்பது முறை. 2019 - 21 ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 3 பேர் கருப்பையை இழந்தவராவர். இவற்றுட் பெரும்பகுதி தனியார் மருத்துவமனைகளில் நிகழ்ந்தவை. மராட்டிய மாநிலத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் தொழிலுக்குச் செல்லும் பெண்களிற் பலர் இளம் வயதிலேயே கருப்பையை அகற்றிக் கொண்ட செய்தி 2019 இல் நாட்டையே திடுக்கிட வைத்தது. தேவையற்ற கருப்பை அறுவைகளைத் தடுப்பதற்கென மத்திய அரசு 2022 இல் நெறிமுறைகளை வெளியிட்டது. அவற்றை எல்லா மாநிலங்களும் மேற்கொள்ள வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2023 இல் பணித்தது.

புற்று நோய் கண்டவிடத்தும், பிற வழிகளால் நில்லாத பெரும்பாடு உள்ளவிடத்தும், கருப்பை மிகவும் இறங்கிய விடத்தும் இவ்வறுவை உயிர் காக்கும், துன்பம் தீர்க்கும். ஆயின் பெரும்பாட்டிற்கு மாத்திரைகள் உண்டு; கருப்பையினுள் வைக்கும் ஹார்மோன் சாதனம் உண்டு; சில வேளைகளில் கட்டியை மட்டும் அகற்றிக் கருப்பையை விட்டு வைப்பதும் உண்டு. இவை பொருந்துமா என்று கேட்டறிந்த பின்னரே அறுவைக்கு இசைதல் வேண்டும். சினைப்பைகளையும் அகற்றப் போகின்றனரா என்றும் கேட்க வேண்டும். இளம் வயதில் அவற்றையும் இழந்தால், மாதவிடாய் நின்ற பின் வரும் எலும்புத் தேய்வு முதலிய தொல்லைகள் முன்னதாகவே வந்துவிடும்.

மரப்பு மருந்து என்பது யாது?

மயக்க மருந்து வேறு. மரப்பு மருந்து வேறு. மயக்க மருந்து மூளையை உறங்கச் செய்வது. மரப்பு மருந்தோ நோயாளி விழித்திருக்கும்பொழுதே, குறித்த ஓரிடத்தை மட்டும் உணர்வறச் செய்வது. பல் பிடுங்கும்பொழுது ஈறில் போடும் ஊசியை நம்மிற் பலர் அறிவர். பல் வலிக்குக் கிராம்பை வைத்துக் கடித்தால் ஈறு சற்றே மரத்துப்போவதும் இவ்வகையைச் சேர்ந்ததே.

தென் அமெரிக்காவின் மலை நாட்டு மக்கள் கோக்கா என்னும் செடியின் இலையை மென்று வந்தனர். அவ்விலையிலிருந்து பிரித்தெடுத்த கோகெயின் என்னும் பொருளை, கண் அறுவைக்கு மரப்பு மருந்தாக 1884 இல் வியன்னா நகரில் கார்ல் கோலர் என்னும் மருத்துவர் பயன்படுத்திக் காட்டினார். அது பழக்கத்திற்கு அடிமையாக்கும் பொருளாகையால் வேறு மருந்துகளைத் தேடினர். 1943 இல் சுவீடன் நாட்டில் நீல்ஸ் லோஃப்கிரென் என்பவர் லிக்னோகெயினைச் செய்தார். அந்நாட்டிலேயே 1957 இல் பூபிவாகெயின் தோன்றியது. முன்னது விரைந்து வேலை செய்து ஓரிரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பின்னது சற்றுத் தாமதித்துத் தொடங்கினும் பல மணி நேரம் நிற்கும். ஆகையால் அறுவைக்குப் பின் வரும் வலிக்கு ஏற்றது. இவ்விரண்டும் உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையாத மருந்துகள் பட்டியலில் இடம் பெற்றவை. கிடைத்தற்கரிய புது மருந்துகள் அல்ல என்பதை இதனால் அறியலாம்.

மடை அடைக்கும் முறை

வயிற்றில் ஏற்பட்ட புண்ணின் செய்தி நரம்பு வழியே முதுகுத் தண்டை அடைந்து, அங்கிருந்து மூளைக்குச் செல்கிறது. மூளை அதனை அறிந்த பின்னரே வலி என்று உணர்கிறோம். நரம்பின் மேலுறையில் மிக நுண்ணிய வாயில்கள் உள்ளன. அவற்றின் வழியே சோடியத் துகள்கள் உள்ளே பாயும்பொழுதுதான் செய்தி முன்னேறுகிறது. மரப்பு மருந்து அவ்வாயில்களை அடைத்து விடுகிறது. செய்தி நின்றுவிடுகிறது, மருந்து கரைந்து சென்றதும் வாயில்கள் திறந்து கொள்கின்றன. நரம்பிற்குக் கேடு ஒன்றும் இல்லை.

நீர்ப்பாசனம் அறிந்த நமக்கு இது எளிதிற் புரியும். ஒரு பாத்திக்கு நீர் வாராமல் தடுக்க மூன்று இடங்களில் அடைக்கலாம்: பாத்தியின் வாயில், கிளை வாய்க்காலில், ஏரியின் மதகில். மருத்துவரும் இம்மூன்று இடங்களிலும் அடைக்கின்றனர்.

பாத்தி வாயில் அடைப்பதாவது, தையல் போடுமுன் புண்ணின் ஓரங்களிலேயே மருந்தைச் செலுத்துதல். இதற்குச் சிறப்புக் கருவி வேண்டியதில்லை. அறுவை செய்யும் மருத்துவரே செலுத்தலாம். தோல், தசை ஆகியவற்றின் வலியை முதற் சில மணி நேரத்திற்கு இது தணிக்கும்.

கிளை வாய்க்காலில் அடைப்பதாவது, வயிற்றுச் சுவரின் நரம்புகள் வரும் வழியில் மருந்தைச் செலுத்துதல். விலாவிற்கும் இடுப்பெலும்பிற்கும் இடையே வயிற்றுச் சுவர் மூன்று தசை அடுக்குகளால் ஆனது. இரண்டாம் அடுக்கிற்கும் மூன்றாம் அடுக்கிற்கும் நடுவே நரம்புகள் ஓடுகின்றன. அவ்விடைவெளியில் இரு புறமும் மருந்தைச் செலுத்தினால் அடிவயிற்றின் முன்புறம் மரத்துவிடும். இம்முறையை 2001 இல் மருத்துவ ஏட்டில் விளக்கி எழுதினர். இப்பொழுது ஸ்கேன் கருவியில் தசை அடுக்குகளைப் பார்த்துக் கொண்டே ஊசியைச் செலுத்துகின்றனர். அறுவை முடிந்ததும், நோயாளி மயக்கத்திலோ மரப்பிலோ இருக்கும்பொழுதே செய்துவிடுவதால், ஊசி குத்திய வலியும் தெரிவதில்லை.

மதகிலேயே அடைப்பதாவது, முதுகுத் தண்டைச் சுற்றியுள்ள நீரில் மருந்தைச் செலுத்துதல். 1898 இல் ஜெர்மனியில் அகஸ்ட் பியர் என்பவர் இதனைத் தொடங்கி வைத்தார். கருப்பை அறுவைகளிற் பலவற்றை நம் மருத்துவமனைகளில் இம்முறையிலேயே செய்கின்றனர். இடுப்பிற்குக் கீழ் முழுதும் மரத்துவிடும். இரண்டு மூன்று மணி நேரத்தில் உணர்வு திரும்பும். உணர்வு திரும்பும்பொழுது வலியும் திரும்பும் என்பதை மறத்தல் ஆகாது. “அறுவையின்போது ஒன்றும் தெரியவில்லை, இரவில்தான் உயிர் போயிற்று” என்று பெண்கள் கூறுவதன் காரணம் இதுவே. அவ்விரவைக் கடப்பதற்கே முற்கூறிய இரண்டு அடைப்புகளும் துணை செய்கின்றன.

பயன் எவ்வளவு?

அயர்லாந்து நாட்டு மருத்துவர்கள் வயிற்றைத் திறந்து கருப்பை அகற்றப்பெற்ற 50 பெண்களைக் கொண்டு நடத்திய ஆய்வு 2008 இல் வெளியாயிற்று. அவர்களுள் ஒரு பகுதியினருக்கு வயிற்றுச் சுவரில் ரோபிவாகெயின் என்னும் மரப்பு மருந்தும், ஏனையோருக்கு வெறும் உப்பு நீரும் செலுத்தினர். மரப்பு மருந்து பெற்றவர்களுக்கு முதல் 48 மணி நேரத்தில் தேவைப்பட்ட மார்பின், மற்றவர்களுக்குத் தேவைப்பட்டதில் ஏறத்தாழப் பாதியே. மார்பின் வலியை நன்கு அடக்கும். ஆயினும் குமட்டல், வாந்தி, அயர்வு, மலச்சிக்கல் ஆகியவற்றைத் தருவது. அதன் அளவு குறைவது நோயாளிக்கு நன்மை.

இங்கு இரண்டு உண்மைகளை மனத்திற் கொள்ள வேண்டும். ஒன்று, வயிற்றுச் சுவரின் வலியைத்தான் இந்த ஊசி தணிக்கும். கருப்பை இருந்த உள்ளிடத்தின் வலியைத் தணிக்காது. ஆகவே பாரசிட்டமால் போன்ற மருந்துகளும் உடன் வேண்டும். அவற்றை வலி முற்றிய பின் உண்பதைவிட, மருத்துவர் குறித்த மணிக்கு உண்பதே நன்று. பயிர் வாடிச் சாய்ந்த பின் பாய்ச்சும் நீருக்கும், முறை தவறாமற் பாய்ச்சும் நீருக்கும் உள்ள வேறுபாடு போன்றதே இது. மாத்திரையை முந்தானையில் முடிந்து வைப்பதால் எவருக்கும் பயனில்லை.

மற்றொன்று, எல்லா வகை அறுவைக்கும் ஒரே பயன் உண்டென்று எண்ணலாகாது. சிறு துளைகளின் வழியே கருவி செலுத்திச் செய்யும் அறுவையில் புண் சிறியது. துளைகளின் ஓரத்தில் மருந்து செலுத்துவதே பெரும்பாலும் போதுமானது. பிறப்பு வழியாகக் கருப்பையை அகற்றும்பொழுது வயிற்றில் வெட்டே இல்லை. அங்குக் கருப்பை வாயைச் சுற்றி மருந்து செலுத்தும் முறை உண்டு. எது பொருந்தும் என்பதை மயக்க மருந்து நிபுணரே முடிவு செய்ய வேண்டும்.

அளவும் ஆபத்தும்

நிலத்திற்கு உரம் இடுவதில் அளவு உண்டு. மிகுந்தால் பயிர் கருகும். மரப்பு மருந்திலும் அவ்வாறே. உடல் எடைக்கு ஏற்றவாறே இதனைச் செலுத்துவர். பூபிவாகெயினை ஒரு கிலோ எடைக்கு 2 மில்லிகிராம் என்ற வரம்பில் கணக்கிடுவது வழக்கம். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு வரம்பு 100 மில்லிகிராம். 0.25 சதவீதக் கரைசலில் ஒரு மில்லிலிட்டருக்கு 2.5 மில்லிகிராம் மருந்து உண்டு. ஆகவே அவருக்கு 40 மில்லிலிட்டர், அஃதாவது ஒரு புறத்திற்கு 20 மில்லிலிட்டர். 40 கிலோ மட்டுமே உள்ள மெலிந்த பெண்ணுக்கு அது 32 மில்லிலிட்டராகக் குறைந்துவிடும். நெடுநாட் பெரும்பாட்டினால் மெலிந்தவர்கள் பழைய எடையையே சொல்லாமல், அறுவைக்கு முன் எடை பார்த்துக் கொள்வது எவ்வளவு இன்றியமையாதது என்பது இக்கணக்கால் விளங்கும்.

மருந்து மிகுந்தாலோ, தவறி இரத்தக் குழாயினுள் சென்றாலோ, வாயைச் சுற்றி மரத்தல், நாவில் உலோகச் சுவை, காதில் இரைச்சல், தலைச்சுற்றல் ஆகியன தோன்றலாம். முற்றினால் வலிப்பு வரலாம். இதயத் துடிப்பும் நிற்கலாம். இது மிக அரிதாகவே நேர்வது. இதற்கு மாற்றும் உண்டு. சோயா மொச்சையின் எண்ணெயைக் கொண்டு செய்த 20 சதவீதக் கொழுப்புப் பால்மத்தைச் சிரை வழியே செலுத்தினால், அது மருந்தைத் தன்னுள் ஈர்த்துக் கொண்டு இதயத்தைக் காக்க உதவுகிறது. இம்முறையால் நோயாளி பிழைத்த செய்தி 2006 இல் மருத்துவ ஏட்டில் வெளியான பின், இது உலகெங்கும் பரவிற்று. ஆகவேதான் மரப்பு மருந்தைப் பிராண வாயுவும், இதயத்தைக் கண்காணிக்கும் கருவியும், பயிற்சி பெற்ற மருத்துவரும் உள்ள இடத்திலேயே பெற வேண்டும். ஊருக்குள் பையைத் தூக்கி வரும் போலி வைத்தியரிடம் “மரத்துப்போற ஊசி” போட்டுக் கொள்வது உயிரோடு விளையாடுவதாகும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவையும் சொல்ல வேண்டியவையும்

அறுவைக்கு நாள் குறிக்கும்பொழுதே பின்வரும் கேள்விகளைக் கேட்டல் நன்று.

1. அறுவையின்றிக் குணப்படுத்த வழி உண்டா?

2. வயிற்றைத் திறந்தா, துளை வழியா, பிறப்பு வழியா?

3. முழு மயக்கமா, முதுகில் ஊசியா?

4. அறுவை முடிந்ததும் புண்ணிலோ வயிற்றுச் சுவரிலோ மரப்பு மருந்து செலுத்த இயலுமா?

5. அன்றிரவு வலி மிகுந்தால் யாரை அழைப்பது? என்ன மருந்து தருவீர்கள்?

அதே வேளையில் நோயாளியும் சிலவற்றை மறைக்காமற் சொல்ல வேண்டும். முன்பு ஊசி மருந்து ஒத்துக்கொள்ளாமற் போனது உண்டா, இதய நோய், கல்லீரல் நோய், சிறுநீரக நோய், வலிப்பு, வயிற்றுப் புண் ஆகியன உண்டா, இரத்தத்தை இளக்கும் மாத்திரை உண்கிறாரா என்பன அவை. நாட்டு மருந்து உண்டு வந்தாலும் சொல்ல வேண்டும்.

வலியைச் சொல்வதற்கும் ஒரு முறை உண்டு. வலியே இல்லை என்பதற்குச் சுழி. தாங்கவே முடியாத வலிக்கு 10 என வைத்துக் கொண்டு, இப்பொழுது எத்தனை என்று சொல்ல வேண்டும். எண்ணாற் சொல்ல இயலாதவர் “கொஞ்சம், நடுத்தரம், அதிகம்” எனச் சொன்னாலும் போதும். படுத்திருக்கையில் எவ்வளவு என்பதுடன், இருமும்பொழுதும் எழும்பொழுதும் எவ்வளவு என்பதையும் சொல்ல வேண்டும். அசையாமற் கிடந்தால் வலி குறைவாகவே தோன்றும். அந்தக் குறைவு ஏமாற்றுவது.

வீட்டார் கவனிக்க வேண்டியவை

மரத்திருக்கும் இடத்தில் சூடு தெரியாது. நம் வீடுகளில் வழக்கமாகச் செய்வது போல வெந்நீர்ப் புட்டியோ தவிட்டு ஒத்தடமோ வைத்தால், நோயாளி அறியாமலே தோல் வெந்துவிடும். ஆகவே மரப்பு நீங்கும் வரை அங்கு ஒத்தடம் கூடவே கூடாது. சில வேளைகளில் மருந்து பரவித் தொடையும் சற்று வலுவிழக்கலாம். ஆதலால் முதன்முறை எழுந்து நடக்கும்பொழுது செவிலியரோ உறவினரோ கையைப் பிடித்துக் கொள்ள வேண்டும்.

மருத்துவர் இசைவு தந்ததும் அன்றோ மறுநாளோ எழுந்து நடப்பது நல்லது. இருமும்பொழுது மடித்த துணியையோ சிறு தலையணையையோ வயிற்றோடு அணைத்துக் கொண்டால் வலி குறையும். மணிக்கு ஒருமுறையேனும் ஆழ்ந்து மூச்சு விடப் பழக வேண்டும். பத்தியம் என்ற பெயரால் பருப்பு, முட்டை, கீரை, பழம் ஆகியவற்றை நிறுத்துவது புண் ஆறுவதைக் கெடுக்கும்.

வலி தணிந்தது என்பதனால் உடல் தேறிவிட்டது என்று எண்ணலாகாது. நீர் நிறைந்த ஒரு குடம் 12 முதல் 15 கிலோ எடையுள்ளது. வயிற்றைத் திறந்து அறுவை செய்தவர் ஆறு வாரங்கள் வரை குடம் தூக்குதல், புல்லுக்கட்டுச் சுமத்தல், நடவு, களையெடுப்பு ஆகியவற்றை நீக்க வேண்டும்.

காய்ச்சல், புண்ணிற் சீழ், துர்நாற்றமுள்ள போக்கு, மிகுந்த இரத்தப் போக்கு, சிறுநீர் இறங்காமை, ஒரு காலில் மட்டும் வீக்கம், மூச்சுத் திணறல், நாளுக்கு நாள் குறைய வேண்டிய வலி மிகுதல் ஆகியவற்றுள் எது தோன்றினும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இவை பொறுத்துக்கொள்ள வேண்டிய வலிகள் அல்ல.

பஞ்சாயத்தின் பணி

இதிற் பஞ்சாயத்திற்கு என்ன வேலை என்று சிலர் வினவலாம். அறுவை மருத்துவமனையில் நிகழினும், அதற்கு இசைவதும், அதன் பின் தேறுவதும் கிராமத்திலேயே நிகழ்கின்றன. ஆதலின் பின்வரும் பணிகளைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் மேற்கொள்ளலாம்.

மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டத்திற்குக் கிராம சுகாதார செவிலியரை அழைத்து, ஆண்கள் இல்லாத இடத்தில் இச்செய்திகளைப் பேசச் செய்யலாம். கிராம சபையில் பொதுச் சுகாதாரம் பற்றிப் பேசும்பொழுது, “அறுவைக்கு முன் வேறொரு மருத்துவரையும் கேளுங்கள், அரசு மருத்துவமனையில் ஆலோசனை பெறுங்கள்” என்று ஒரு சொல் சொல்லலாம். அறுவைக்குச் செல்லும் பெண்ணுடன், முன்பு அவ்வறுவை செய்து கொண்டு தேறிய ஒரு பெண்ணைத் துணைக்கு அனுப்பலாம். ஆறு வாரங்களுக்கு அவ்வீட்டிற்குத் தண்ணீர் எடுக்கவும், மாட்டைப் பார்த்துக் கொள்ளவும் அண்டை வீட்டாரை ஏற்பாடு செய்யலாம். இவற்றிற்கு நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை. மனம் இருந்தாற் போதும்.

முற்கூறிய கிராமத்திற்கே மீண்டும் வருவோம். அடுத்த ஆண்டு அவ்வம்மையாரின் ஓரகத்திக்கும் அதே அறுவை வேண்டியதாயிற்று. மாத்திரைகளாற் பெரும்பாடு நில்லாததைக் கண்ட பின்னரே மருத்துவர் நாள் குறித்தார். இம்முறை பஞ்சாயத்து உறுப்பினரே தம் தம்பியுடன் சென்று, “அறுவைக்குப் பின் வலிக்கு என்ன செய்வீர்கள், ஐயா?” என்று கேட்டாராம். மயக்க மருந்து நிபுணர் அமர்ந்து விளக்கிச் சொல்லி, வயிற்றுச் சுவரின் இரு புறமும் மரப்பு மருந்து செலுத்தினார். துணைக்குச் சென்றவர் நிமோனியாவிற் கிடந்து எழுந்த அதே அம்மையார். அன்றிரவு ஓரகத்தி முகம் சுளித்தபொழுது, அவர் செவிலியரை அழைத்து, “இவள் சொல்லமாட்டாள், அம்மா. படுத்தால் மூன்று, இருமினால் ஏழு” என்றாராம். குறித்த மாத்திரைகளுடன் வேறு மருந்தும் தரப்பட்டது. மறுநாட் காலையில் ஓரகத்தி கைப்பிடித்து நடந்தார். ஐந்தாம் நாள் வீடு திரும்பினார்.

நாம் சென்று பார்த்தபொழுது அவர் திண்ணையில் அமர்ந்து, மருமக்களுக்கு வேலை ஏவிக் கொண்டிருந்தார். வலி எப்படி என்று கேட்டோம். “இருக்கிறது, ஐயா. ஆனால் சொல்கிறேன்” என்றார்.

நமது கிராமங்களில் ஒவ்வொரு பெண்ணும் இவ்வாறு சொல்லவும், சொன்னதைக் கேட்டு ஆவன செய்ய வீட்டாரும் ஊராரும் முன்வரவும் வேண்டும். அதற்கான முதற் பேச்சு, இவ்விதழைப் படிக்கும் உறுப்பினரின் இல்லத்தில் இன்றே தொடங்கட்டும்.